பழைய கார்புரேட்டர்: பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

உட்லண்ட்ஸ் நீர்முகப்புப் பூங்காவில் நின்றால் ஜோகூர் பாரு மிக அருகில் தெரியும். 1924ல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளமே ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். இரு கரைகளுக்கும் நடுவே, நீரில் நாட்டின் எல்லை செல்கிறது. இங்கு ஒரு படகின் இயந்திரம் நின்றுபோனால், நீரோட்டம் அதை எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லக்கூடும்.

பழைய பெட்ரோல் இயந்திரங்கள் இப்படி முரண்டு பிடிக்க அடிக்கடி காரணமாவது கார்புரேட்டர். குறுகலான குழாயில் காற்று விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறையும். அதனால் ‘ஜெட்’ எனும் நுண்துளை வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றுடன் கலக்கும். புதிய இயந்திரங்கள் பலவற்றில் இந்த வேலையை மின்னணு முறை செய்கிறது.

எப்போதாவது மட்டும் கடலுக்குப் போகும் படகுக்குத்தான் சிக்கல் அதிகம். வாரக்கணக்கில் தேங்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடை விட்டுச்செல்லும். அது ஜெட்டை அடைத்துவிடும். ஆனால், கார்புரேட்டரைக் கழற்றுமுன் எரிபொருள் வடிகட்டி, தொட்டியின் காற்றுத் துளை, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைச் சரிபாருங்கள். குறை அங்கேயே இருக்கலாம்.

பழுதுபார்க்க ஏற்றது எது?

உலோக உடல் நன்றாக இருந்தால் பழுதுபார்ப்பதே சிக்கனம். கேஸ்கட், ரப்பர் வளையங்கள், ஊசி வால்வு போன்றவை ஒரே தொகுப்பாகக் கிடைக்கும். இயந்திரத்தின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை சற்றே பெரிதானாலும் கலவை மாறிவிடும். சுத்தம் செய்யும் திரவமும் அழுத்தக் காற்றும் போதும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது.

மாற்ற வேண்டியது எது?

உப்புநீர் உலோகத்தை அரித்துவிட்டாலோ, விரிசல் விழுந்தாலோ, காற்றுத் தகட்டின் தண்டு தேய்ந்து ஆடினாலோ புதிய கேஸ்கட் உதவாது. தேய்ந்த இடத்தின் வழியே காற்று கசியும். இயந்திரம் சீராக ஓடாது. இந்நிலையில் மாற்றுவதே நல்லது. மலிவான போலிகளில் ஜெட் அளவு பிசகினால் இயந்திரத்துக்கே ஆபத்து. பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் சூடேறி, பிஸ்டன் பாழாகலாம்.

கார் உதிரிபாகம் வேண்டாம்

படகின் உள்ளே பொருத்தப்பட்ட இயந்திரத்துக்குக் காரின் கார்புரேட்டர் பொருந்துவதுபோல் தோன்றலாம். சாலையில் பெட்ரோல் வழிந்தால் ஆவி காற்றில் கலைந்துவிடும். ஆனால், காற்றைவிடக் கனமான அந்த ஆவி படகின் அடித்தளத்தில் தேங்கும். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். வழியும் எரிபொருள் வெளியே சிந்தாமல் இயந்திரத்துக்குள்ளேயே செல்லும் வகையில்தான் கடல் பயன்பாட்டுக்கான கார்புரேட்டர்கள் வடிவமைக்கப்படுகின்றன. விலை கூடுதலாக இருந்தாலும் இதில் மிச்சம்பிடிக்கக் கூடாது.

நெடுநாள் ஓய்வுக்குமுன் கார்புரேட்டரில் உள்ள எரிபொருளை வடித்துவிடுங்கள். பழுதுபார்த்தாலும் மாற்றினாலும், குடும்பத்தை ஏற்றுமுன் கரையோரமாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குறைந்த வேகத்தில் நிற்காமல் ஓடுகிறதா, எங்கும் பெட்ரோல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். வாடை வந்தால் அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.