ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள்: தேடுபொறிக்கு வழிகாட்டும் 'கனோனிக்கல்' இணைப்பு

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் பெயரை ஆங்கிலத்திலும் 'திருவனந்தபுரம்' என்றே எழுத வேண்டும் என மாநில அரசு 1991ஆம் ஆண்டில் முடிவு செய்தது. எனினும், 'டிரிவான்ட்ரம்' என்ற பழைய வடிவம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. இணையத்தில் தேடுவோர் இரு பெயர்களையும் பயன்படுத்துவதால், நகரின் விடுதி ஒன்று ஒரே தகவலை இரு பெயர்களிலும் தனித்தனி முகவரிகளில் வெளியிட நேரலாம். அவற்றுள் எதைத் தேடல் முடிவில் காட்ட வேண்டும் என்பதைத் தேடுபொறிக்குத் தெரிவிப்பதே 'கனோனிக்கல்' எனப்படும் முதன்மை முகவரி இணைப்பு.

நகல்கள் உருவாவது எப்படி?

ஊருக்கு இரு பெயர்கள் இல்லாவிட்டாலும் இச்சிக்கல் எழும். அச்சிடுவதற்கான தனிப் பதிப்பு, விலை வரிசைப்படி அடுக்கிய பட்டியல், சமூக ஊடகத்தில் பகிரும்போது முகவரியின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும் குறியீடுகள் ஆகிய ஒவ்வொன்றும் புதிய முகவரியை உருவாக்குகின்றன. வாசகருக்கு அவை ஒரே பக்கம். தேடுபொறிக்கோ ஒவ்வொன்றும் தனிப் பக்கம்.

இத்தகைய நகல்களுக்காகத் தேடுபொறிகள் பொதுவாகத் தண்டனை விதிப்பதில்லை. அவற்றுள் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்துக் காட்டுகின்றன. அந்தத் தேர்வு தள உரிமையாளர் விரும்பியதாக இல்லாமல் போகலாம் என்பதே சிக்கல்.

2009இல் வந்த தீர்வு

இதற்குத் தீர்வாக கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 2009 பிப்ரவரியில் இந்த இணைப்பு முறையைக் கூட்டாக அறிவித்தன. 2012 ஏப்ரலில் இணையப் பொறியியல் பணிக்குழு இதனை ஆவணப்படுத்தியது.

பக்கத்தின் தலைப்பகுதியில் 'லிங்க்' குறிச்சொல்லைச் சேர்த்து, 'ரெல்' என்ற பண்புக்கு 'கனோனிக்கல்' என்ற மதிப்பையும், 'எச்ரெஃப்' என்ற பண்புக்கு முதன்மைப் பக்கத்தின் முழு முகவரியையும் அளிக்க வேண்டும். நகல் பக்கங்கள் அனைத்திலும் இதே வரி இடம்பெற வேண்டும். முதன்மைப் பக்கமும் தன்னையே சுட்டுவது நல்லது. பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்கு, சர்வர் அனுப்பும் தலைப்புத் தகவலில் இதனைக் குறிப்பிடலாம்.

இது கட்டளை அன்று; பரிந்துரை மட்டுமே. தளவரைபடம் ஒரு முகவரியையும் கனோனிக்கல் இணைப்பு வேறொன்றையும் காட்டினால், தேடுபொறி தன் விருப்பப்படி முடிவெடுக்கக்கூடும். பழைய முகவரி இனித் தேவையில்லை எனில், வாசகரைப் புதிய முகவரிக்கே கொண்டுசெல்லும் நிரந்தரத் திசைமாற்றம் பொருத்தமானது.

பிழையால் மறையும் தமிழ்ப் பக்கம்

தளத்தின் வார்ப்புருவில் நேரும் ஒரு சிறு பிழையால் எல்லாப் பக்கங்களும் முகப்புப் பக்கத்தையே முதன்மை எனச் சுட்டக்கூடும். அப்போது உட்பக்கங்கள் தேடல் முடிவுகளிலிருந்து மறையும் அபாயம் உண்டு.

பல மொழித் தளங்களில் கூடுதல் கவனம் தேவை. தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினராக வாழும் கேரளத்தில், ஓர் அறிவிப்பு மலையாளம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் வெளியாவதாகக் கொள்வோம். மொழிபெயர்ப்பு நகல் ஆகாது. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தை முதன்மையாகச் சுட்டினால், 'தமிழ்ப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்' எனத் தளமே கூறியதாகிவிடும். தமிழில் தேடுபவருக்கு அந்த அறிவிப்பு கிடைக்காமல் போகலாம். எனவே, ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே முதன்மையாகச் சுட்ட வேண்டும். அவற்றின் உறவை 'எச்ரெஃப்லாங்' என்ற தனிப் பண்பால் தெரிவிக்க வேண்டும்.

செய்தித் தளங்களின் நிலை

ஒரு செய்தி முகமையின் செய்தி பல நாளிதழ்களின் தளங்களில் வெளியாவது வழக்கம். வேறொரு தளத்தின் முகவரியையும் முதன்மையாகச் சுட்டும் வசதியை கூகுள் 2009 டிசம்பரில் ஏற்றது. ஆனால், மறுவெளியீடு செய்யப்படும் செய்திகளுக்கு இம்முறையை அந்நிறுவனம் தற்போது பரிந்துரைப்பதில்லை. தலைப்பும் பக்க அமைப்பும் தளத்துக்குத் தளம் மாறுபடுவதே காரணம். மூலத் தளம் மட்டுமே தேடலில் தோன்ற வேண்டுமெனில், மறுவெளியிடும் தளம் அப்பக்கத்தைத் தேடல் அட்டவணையிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

தாம் அறிவித்த முகவரியும் கூகுள் தேர்ந்தெடுத்த முகவரியும் ஒன்றுதானா என்பதை, 'சர்ச் கன்சோல்' என்ற இலவசச் சேவையின் முகவரி ஆய்வுக் கருவியில் தள உரிமையாளர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.