43 விநாடிப் பிரிவு

பெரியதொரு தரவுத்தள சர்வர் இடையறாது இயங்க வேண்டுமாயின், அதற்குப் பிரதியாக இன்னொன்றை வைத்துவிட்டால் போதும், முதலாவது வீழ்ந்த கணமே இரண்டாவது தலைமை ஏற்கும் என்று எண்ணுவது சகஜம். ஆனால் 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனத்திற்கு நேர்ந்தது, அவ்வெண்ணம் எவ்வளவு அபூரணமானது என்பதைக் காட்டுகிறது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பழுதான ஒளியிழைச் சாதனமொன்றை மாற்றும் வேலையினிடையே, அவர்களுடைய பிரதான தரவு மையம் 43 விநாடிகள் துண்டிக்கப்பட்டது. அதற்குள், தலைமையைக் கண்காணிக்கும் மென்பொருள், பெரும்பான்மை வாக்கின்படி, மேற்குக் கரைப் பிரதிகளை உயர்த்தத் தொடங்கிவிட்டது. கிழக்கிலோ மேற்குக்கு அனுப்பப்படாத சில விநாடிப் பதிவுகள் தங்கியிருந்தன. மேற்கிலும் புதிய பதிவுகள் சேரலாயின. இரண்டும் முரண்பட்டு நிற்க, சேவை முழுதும் சீராக 24 மணி 11 நிமிஷம் பிடித்தது.

ஏன் அனுப்பப்படவில்லை? கண்ணாடியிழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டரே செல்லும். கரைக்குக் கரை 4,000 கிலோமீட்டர் எனக் கொண்டால், போய்த் திரும்பக் குறைந்தது 40 மில்லிவிநாடி. ஒவ்வொரு பதிவும் மறுகரையின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் வேகம் குன்றும். காத்திராவிட்டால் கடைசிப் பதிவுகளுக்கு உத்தரவாதமில்லை. ஆகையால், ஒப்புதல் பெற்றே எழுதும் பிரதிகளை அருகருகே மூன்று கட்டடங்களில் வைப்பதும் (இரண்டே இருந்து தொடர்பு அறுந்தால், மற்றது மாண்டதா, மௌனமாயிருக்கிறதா என்று நிச்சயிக்க வழியில்லை), தொலைவிலுள்ள பிரதியைப் பின்தொடர மட்டும் விட்டு, அதற்குத் தலைமை அளிக்கும் அதிகாரத்தை மனிதரிடமே நிறுத்துவதும்தான் எனக்கு உசிதமாகப் படுகிறது. கிட்ஹப்பும் பின்னர், பிராந்திய எல்லையைத் தாண்டித் தலைமை மாறாதவாறு அந்த மென்பொருளின் அமைப்பைத் திருத்த முற்பட்டது.