உப்புக் காற்றில் மர அலமாரி

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழ்வோர், சமையலறைக்கு மர அலமாரியைத் தாமே செய்ய முனைந்தால், மரத்தினும் முன்னதாக ஆணியைக் கவனியுங்கள். கடற்காற்றில் இரும்பாணியும் கீலும் துருப்பிடிக்கும், கதவு தொங்கிவிடும். பித்தளைத் திருகாணியே ஏற்றது. விலை கூடுதல்தான், என்ன செய்வது!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நீரில் ஊறினால் உப்பிப் பொடிந்துவிடும்; உலர்த்தியும் பயனில்லை. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டோ கொதிநீரில் 72 மணி நேரம் சோதிக்கப்படும் தரத்தது. அதிலும் அறுத்த விளிம்புகளுக்குத் தவறாது வண்ணம் பூசுங்கள். நீர் நுழைவது அவ்வழியேதான். அலமாரியைத் தரையில் வைக்காமல் கருங்கல் துண்டுகளின்மேல் நிறுத்துங்கள். பெருநாள் தேக்சாக்கள் நனைந்தால் கழுவிக்கொள்ளலாம். மேல்தட்டை அரிசிக்கும் பருப்புக்கும் கொடுங்கள்.