ஒரு சென் காசுக்குக் காந்தம் வேண்டும், புளி வேண்டாம்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பழைய வீட்டைக் காலி செய்யும்போது பாட்டியின் பிஸ்கட் டின் ஒன்று கிடைக்கும். உள்ளே ஊசி, பொத்தான், கூடவே கறுத்துப்போன ஒரு கைப்பிடிக் காசு. "பழைய காசு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகிறதாமே!" என்று யாராவது சொல்வார்கள். உடனே பலர் செய்யும் முதல் வேலை, காசைப் புளி போட்டுத் தேய்ப்பது. அந்த ஐந்து நிமிடத்தில் காசின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடலாம்.

பழையது எல்லாம் அரியதா?

டின்னில் அதிகம் கிடைப்பது, மூலை மழுங்கிய சதுரக் காசு. 1939 முதல் 'மலாயா' என்ற பெயருடன் வந்த ஒரு சென் இது. 1941ஆம் ஆண்டுக் காசின் மேல் 1943ஆம் ஆண்டுக் காசை வைத்துப் பாருங்கள். பின்னது சற்றுச் சிறியதாக இருக்கும். போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த, ஏறக்குறைய 5.8 கிராமாக இருந்த எடையை 4.2 கிராமாகக் குறைத்தார்கள். 1943இல் இங்கே ஜப்பானியர் ஆட்சி. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பிய பிறகே அந்தக் காசு புழக்கத்துக்கு வந்தது.

ஆனால் அது கோடிக்கணக்கில் அச்சானது. அதனால் வயது 80ஐத் தாண்டியும், தேய்ந்துபோன காசுக்குப் பெரிய விலை கிடைக்காது. எத்தனை மிஞ்சியுள்ளன, என்ன நிலையில் உள்ளன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றுதான் விலையைத் தீர்மானிக்கின்றன. வயது அதற்குப் பின்னால்தான்.

காந்தச் சோதனை

1967இல் நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த மலேசிய ஒரு சென் வந்தது. முதலில் அது வெண்கலம். 1973இல் செம்புப் பூச்சிட்ட எஃகுக்கு மாற்றினார்கள். உருவமும் அளவும் அப்படியேதான். கண்ணால் பிரித்தறிவது சிரமம். எஃகில் இரும்பு இருப்பதால் காந்தம் அதை இழுக்கும், வெண்கலத்தை இழுக்காது.

இதில்தான் 1976ஆம் ஆண்டுக் காசு சேகரிப்போரை ஈர்க்கிறது. அந்த ஆண்டின் ஒரு சென் ஏறக்குறைய எல்லாமே எஃகு. வெண்கலத்தில் அச்சானவை மிகச் சில. உங்களிடம் உள்ள 1976 காந்தத்தில் ஒட்டினால் அது சாதாரணக் காசு. ஒட்டாவிட்டால், நகை நிறுக்கும் மின்னணுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எஃகைவிட வெண்கலத்துக்கு அடர்த்தி அதிகம். அதனால் எஃகுக் காசு 1.74 கிராம், வெண்கலக் காசு 1.95 கிராம் அளவில் இருக்கும். அடுத்து, பூதக்கண்ணாடியில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். வேறு ஆண்டு வெண்கலக் காசில் இலக்கத்தைச் செதுக்கி மாற்றியிருந்தால், அதைச் சுற்றிக் கீறலோ மேடுபள்ளமோ தெரியும்.

புளி என்ன செய்கிறது?

வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு. காற்று பட்டுப் பட்டு அதன் மேல் ஆக்சைடு படலம் உருவாகிறது. கறுப்பாகத் தெரியும் இந்தப் படலம்தான் அடியில் உள்ள உலோகத்தைக் காக்கிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். தேய்க்கும் நாரோ, அச்சின் நுண்ணிய கோடுகளை அழித்துவிடும். தீபாவளிக்குக் குத்துவிளக்கு பளபளப்பது அழகு. காசு அப்படி இளஞ்சிவப்பாக மின்னினால், அனுபவமுள்ள வியாபாரி பார்த்த மாத்திரத்தில் விலையைக் குறைப்பார்.

அழுக்கு காசை அப்படியே விடுங்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். பிவிசி உறைகள் வேண்டாம். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அவை சிதைந்து, காசின் மேல் பச்சை நிறப் பிசுக்கை உண்டாக்கும். பிவிசி கலக்காத உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வையுங்கள்.

விற்கும் முன்

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழைய காசு வாங்குவோரைப் பார்க்கலாம். கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தால் அசல் காசுகள் கண்ணுக்குப் பழகும்.

விற்பவர் கேட்கும் விலை வேறு, வாங்குபவர் கொடுத்த விலை வேறு. ஏலத்தில் முடிந்த விலைகளையே பாருங்கள். குறைந்தது மூன்று பேரிடம் விசாரியுங்கள். தரச் சான்று வாங்கக் கட்டணம் உண்டு. காசின் மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே அது லாபம். "உங்கள் ஒரு சென்னுக்குப் பத்தாயிரம் வெள்ளி தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். காசு வாங்குபவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். நீங்கள் அவருக்கு அல்ல.

2008 ஏப்ரல் 1 முதல் கடைகளில் பில் தொகையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கும் முறை வந்த பிறகு, ஒரு சென் நம் கையிலிருந்து மறைந்துவிட்டது. மிச்சமிருப்பவை இப்படிப்பட்ட டின்களில்தான். உங்கள் வீட்டு டின்னைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு காந்தம் இருக்கட்டும். புளி சமையலறையிலேயே இருக்கட்டும்.