வோல்ஐ மீனும் பழந்தூண்டிற்காரரும்

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கனடாவிலே குடியேறி வாழ்கின்றனர். அவருள்ளும், இளமையிற் பண்ணைக் கடலோரத்திலே தூண்டிலிட்டுக் கைதேர்ந்தவர் சிலர், ஒன்ராறியோ மாகாணத்து ஏரிகளைக் கண்டதும் பழைய ஆசை மீதூரப் பெறுகின்றனர். கொடுவாவை வென்ற கைக்கு ஏரிமீன் எம்மாத்திரம் என்பது அவர் எண்ணம். நாமும் அவ்வாறே எண்ணினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வெறுங்கையுடன் வீடு திரும்பினோம். எம்மை வென்ற அம்மீனைப் பற்றியும், அதனிடம் நாம் கற்றவை பற்றியும் இங்கு எழுதுகின்றோம். புலால் மறுத்த அன்பர்கள் இதனை இயற்கை நூற் பாடமாகக் கொண்டு வாசிப்பாராக.

வோல்ஐ என்பது பேர்ச் எனும் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது; வட அமெரிக்காவில் அக்குடும்பத்தின் மிகப் பெரிய இனமும் அதுவே. பொன்னிறமும் ஒலிவ நிறமும் கலந்த உடலை உடையது. முதுகின் முள்துடுப்பினது பின்னடியிலே ஒரு கரும்புள்ளியும், வாற்றுடுப்பின் கீழ்நுனியிலே ஒரு வெண்மையும் காணப்படும். இவ்விரண்டுமே அதனை அறிதற்குரிய அடையாளங்கள். ஒன்ராறியோ மக்கள் இதனைப் பிக்கறல் என வழங்குவர். உண்மையிற் பிக்கறல் என்பது வேறொரு குடும்பத்து மீனின் பெயர். புதிதாக வருவோர் இப்பெயர் மயக்கத்தால் இடர்ப்படுவதுண்டு.

இம்மீனை அறிய வேண்டின் அதன் கண்ணை அறிதல் வேண்டும். விழித்திரையின் பின்னே ஒளியை மீளத் தெறிக்கச் செய்யும் ஒரு படை உண்டு. ஒருமுறை நுழைந்த ஒளி இருமுறை பயன்படுதலால், மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் அது இரையை நன்கு காண்கின்றது. இரைமீன்களுக்கோ அத்துணைப் பார்வை இல்லை. ஆகவே மாலை மயங்கும் வேளையும் வைகறையும் இரவுமே அதன் வேட்டைக் காலங்களாகும். எம்மூர்க் கொடுவாவின் கண்கள் விளக்கொளியிற் செந்தணல்போல் ஒளிர்தலைக் கண்டவர்க்கு இது புதிதன்று. அதனை அறிந்திருந்தும் நாம் உச்சிவெயிலிலே தூண்டிலிட்டோம் என்பதே வெட்கம்.

நடுப்பகலில் இம்மீன் ஆழத்தையோ நீர்ப்பூண்டின் நிழலையோ நாடும். அந்தியிற் கற்பார்களை நோக்கி ஏறிவரும். பகலில்தான் செல்ல முடியுமெனின், முகில் மூடிய நாளையும் காற்றுள்ள நாளையும் தெரிந்துகொள்க. சிற்றலைகள் ஒளியைச் சிதறடிப்பதோடு, காற்று மோதும் கரைக்குச் சிறுமீன்களும் ஒதுங்கும். தெளிந்த அமைதியான நீர் பார்வைக்கு அழகியது, தூண்டிலுக்கு ஆகாதது.

கருவிகளைப் பொறுத்தவரை, கடலுக்குப் பழகிய நாம் யாவற்றையும் மெல்லியவாக்குதல் வேண்டும். 6 முதல் 8 இறாத்தல் தாங்கும் தங்கூசி போதும். நுனி இளகிய கோலும் சிறு றீலும் தகும். ஜிக் எனப்படும் ஈயத்தலை முள்ளே தொடங்குவோர்க்குச் சிறந்தது. ஆழங்குறைந்த நீரில் எட்டிலொரு அவுன்சும், ஆழமான நீரில் காலவுன்சும் நிறையுள்ளதைக் கொள்க. மண்புழு, அட்டை, சிறுமீன் ஆகியன இரையாகும். மிஞ்சிய இரைமீனை ஏரியில் விடுதல் சட்டப்படி குற்றம். அதனால் அயல் இனங்களும் நோய்களும் பரவும்.

முள்ளை எறிந்தபின் அது அடித்தரையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். நூல் தளர்வதே தொட்டமைக்கு அறிகுறி. பின்னர் ஒரு சாண் அளவு உயர்த்தி, நூலைத் தளரவிடாது மெல்ல இறக்குக. பெரும்பாலும் இறங்கும்போதே மீன் கவ்வும். அக்கவ்வுதல் கொடுவாவின் பாய்ச்சல் போன்றதன்று. விரலால் ஒருமுறை தட்டியது போலவோ, ஈரத்துணி தொங்கியது போலவோ தோன்றும். நாம் பெரும் இழுப்பை எதிர்பார்த்து நின்றமையால், எத்தனையோ மீன்கள் இரையை உமிழ்ந்து சென்றிருக்கும். ஐயம் தோன்றியவுடனே கோலை உறுதியாக உயர்த்துக. குளிர்நீரில் அசைவு மெதுவாகவும், கோடையிற் சற்று விரைவாகவும் இருத்தல் நன்று. மீன் கைக்கு வந்ததும் வாய்க்குள் விரலிடற்க. பற்களும் செவுள் மூடியின் ஓரமும் கூரியவை.

இனி, பிடிப்பதினும் முக்கியமானவை சில. பனிக்கட்டி உருகிய சின்னாட்களில், நீர் 5 முதல் 10 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும்போதே இம்மீன் கற்பாரிலும் ஆறுகளிலும் முட்டையிடும். அதனாற் பல பகுதிகளிலே மே மாதம்வரை பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. பிடிக்கத்தக்க தொகையும் நீளமும் பகுதிக்குப் பகுதி வேறுபடுதலால், செல்லுமுன் அவ்விடத்துச் சட்டத்தைப் படித்தல் கடமை. 18 வயது முதல் 64 வயது வரையுள்ளோர்க்கு அனுமதிச்சீட்டு வேண்டும். 65 நிரம்பிய கனடாவாழ் அன்பர்க்கு வயதைக் காட்டும் அத்தாட்சியே போதும். முதுமையின் பயன்களுள் இதுவும் ஒன்று.

மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்மீன்கள். இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமப்பவை. படம் எடுத்துக்கொண்டு அவற்றை விட்டுவிடுதலே அறம். ஆனால் 30 அடிக்குக் கீழான ஆழத்திலிருந்து இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை விரிந்துவிடுதலால், விட்டாலும் அது இறந்துவிடக்கூடும். விடும் நோக்கமுடையார் அவ்வாழத்திலே தூண்டிலிடாதிருத்தல் வேண்டும்.

உண்போர்க்கும் ஓர் எச்சரிக்கை. 1962 முதல் 1970 வரை வடமேற்கு ஒன்ராறியோவிலே டிறைடன் நகரத்து ஆலையொன்று வபிகூன் ஆற்றிற் பாதரசத்தைக் கலந்தது. ஆற்றின் கீழே கிறாஸி நறோஸ் என்னும் இடத்திலே வாழ்ந்த ஒஜிப்வே மக்களுக்கு வோல்ஐ உணவும் தொழிலுமாயிருந்தது. அம்மீனாலேயே அவர் நஞ்சுண்டனர்; 1970 இல் மீன்பிடித் தொழிலும் மூடப்பட்டது. அத்துயரம் தலைமுறை கடந்தும் தீரவில்லை. இரைமீன் தின்னும் மீனிற் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், பெரிய மீனில் அது மிகும், சமைத்தலால் நீங்காது. ஒவ்வோர் ஏரிக்கும் எந்நீள மீனை எத்தனை முறை உண்ணலாம் என்பதை ஒன்ராறியோ அரசு தன் வழிகாட்டியில் வெளியிடுகின்றது. பேரப்பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் கொடுக்குமுன் அதனைப் பார்த்தல் இன்றியமையாதது.

நான்காம் ஞாயிறன்று, பொழுது சாய்ந்தபின்னரே நாம் கரைக்குச் சென்றோம். காற்று வீசிக்கொண்டிருந்தது. நூலில் ஓர் ஈரத்துணி தொங்கியது போலத் தோன்றியது, கோலை உயர்த்தினோம். இரண்டு இறாத்தலளவு மீன்தான். ஆயினும் பண்ணைக் கடலிற் பிடித்த முதல் மீனுக்குப் பின் அத்துணை மகிழ்ச்சியை நாம் அறிந்ததில்லை. பழைய அனுபவம் எம்மைக் கைவிடவில்லை. அது புதிய நீரிலே மீண்டும் மாணவனாக இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. எமது கல்லூரி எமக்குக் கற்பித்ததும் அதுவேயன்றோ?