ஏ 555 ஆட்டோபான்

ஏ 555 என்பது ஜெர்மனியின் நார்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் கொலோன், பான் ஆகிய இரு நகரங்களை இணைக்கும் விரைவுச்சாலை ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மட்டுமே. ஜெர்மன் மொழியில் இத்தகைய விரைவுச்சாலைகள் 'ஆட்டோபான்' எனப்படுகின்றன. 1932 ஆகத்து 6 அன்று திறக்கப்பட்ட இச்சாலை, குறுக்குச் சாலைகள் இல்லாமல் மோட்டார் வாகனங்களுக்கென்றே இரு நகரங்களுக்கு இடையே அமைக்கப்பட்ட ஜெர்மனியின் முதல் பொதுச் சாலையாகப் பரவலாகக் கருதப்படுகிறது. ஆட்டோபான்களைத் தொடங்கிவைத்தவர் அடால்ப் ஹிட்லர் என்ற கருத்து இன்றும் பலரிடம் உள்ளது. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு ஐந்து மாதங்களுக்கு மேல் முன்பே போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இச்சாலை அக்கருத்துக்கு நேரான மறுப்பாகும்.

வழித்தடம்

சாலை கொலோன் நகரின் தெற்கில் உள்ள ஒரு பெரிய ரவுண்டானாவில் தொடங்குகிறது. தொடங்கிய சிறிது தூரத்திலேயே, கொலோனைச் சுற்றிச் செல்லும் வளையச் சாலையின் தென்பகுதியான ஏ 4 விரைவுச்சாலையைச் சந்திக்கிறது. அங்கிருந்து ரைன் ஆற்றின் மேற்குக் கரைச் சமவெளியில் தெற்கு நோக்கிச் செல்கிறது. கோடோர்ப், வெஸ்லிங் பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வேதித் தொழிற்சாலைகளும் சாலைக்கு அருகில் அமைந்துள்ளன. அதற்கு அப்பால் காய்கறி விளைச்சலுக்குப் பெயர்பெற்ற போர்ன்ஹைம் வட்டாரம் வருகிறது. பான் நகரின் வடக்கில் ஏ 565 விரைவுச்சாலையைக் கடந்து, மற்றொரு ரவுண்டானாவில் சாலை முடிவடைகிறது. பெரிய வளைவோ ஏற்றமோ இல்லாத சமதளப் பாதை இது.

கட்டுமானம்

1920களில் கொலோனுக்கும் பானுக்கும் இடையிலான பழைய சாலை ஜெர்மனியின் மிக நெரிசலான சாலைகளுள் ஒன்றாக இருந்தது. கார்களும் சரக்குந்துகளும் குதிரை வண்டிகளும் மிதிவண்டிகளும் ஒரே பாதையில், ஊர்களின் நடுவே சென்றன. இதற்குத் தீர்வாக மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமான தனிச் சாலை ஒன்றை அமைக்கும் பணியை ரைன் மாகாண நிர்வாகம் 1929இல் தொடங்கியது.

கார்களுக்கென்று தனிச் சாலை என்ற எண்ணம் அப்போது புதிதன்று. இத்தாலியில் மிலான் நகரிலிருந்து ஏரிப் பகுதிகளுக்குச் செல்லும் கட்டணச் சாலை 1924இலேயே திறக்கப்பட்டிருந்தது. பெர்லினில் 1921இல் திறக்கப்பட்ட 'ஆவுஸ்' சாலையும் உண்டு. ஆனால் அது கட்டணம் வசூலித்த, பந்தயங்களுக்கும் பயன்பட்ட ஓர் ஓட்டத்தளம். இரு நகரங்களை இணைத்த பொதுவழி அன்று.

பணி தொடங்கிய அதே ஆண்டில் உலகப் பொருளாதாரப் பெருமந்தமும் தொடங்கியது. 1932இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் எண்ணிக்கை 60 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. எனவே இச்சாலை போக்குவரத்துத் திட்டமாக மட்டுமின்றி வேலைவாய்ப்புத் திட்டமாகவும் ஆனது. அதிகமானோருக்குக் கூலி கிடைக்கட்டும் என்பதற்காக இயந்திரங்களைக் குறைத்து, பெரும்பகுதி வேலையை மண்வெட்டியும் கூடையுமாக ஆட்களைக் கொண்டே முடித்தனர். 5,500க்கும் மேற்பட்டோர் இதில் பணியாற்றினர். செலவு சுமார் 86 இலட்சம் ரைக்ஸ்மார்க்.

அப்போது கொலோன் நகர மேயராக இருந்த கொன்ராட் அடெனாவர் சாலையைத் திறந்துவைத்தார். எதிர்காலச் சாலைகள் இப்படித்தான் இருக்கும் என்று அவர் அப்போது கூறியதாகச் சொல்லப்படுகிறது. 12 மீட்டர் அகலத்தில் நான்கு வழிகள் இருந்தன, நடுத்திட்டு இல்லை. குறுக்கே வந்த சாலைகள் பாலங்கள் மூலம் பிரிக்கப்பட்டன. பாதசாரிகள், மிதிவண்டிகள், குதிரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டிருந்தாலும், அக்காலக் கார்களில் பெரும்பாலானவை அதில் பாதி வேகத்தைத்தான் எட்டின.

தரக்குறைப்பும் பரப்புரையும்

1933 சனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச்சில் அடெனாவர் மேயர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் திறந்துவைத்த சாலை சாதாரண மாகாணச் சாலையாகத் தரம் குறைக்கப்பட்டது. புதிய அரசு 'ரைக்ஸ்ஆட்டோபான்' என்ற பெயரில் தன் சாலைத் திட்டத்தை அறிவித்து, 1933 செப்டம்பர் 23 அன்று பிராங்க்பர்ட் அருகே ஹிட்லரே மண்வெட்டியுடன் நின்று பணியைத் தொடங்கிவைத்தார். பிராங்க்பர்ட் – டார்ம்ஸ்டாட் பகுதி 1935 மே 19 அன்று திறக்கப்பட்டபோது, அதுவே முதல் ஆட்டோபான் என்று கொண்டாடப்பட்டது.

நடுத்திட்டு இல்லாத கொலோன் – பான் சாலை, பின்னர் வகுக்கப்பட்ட ஆட்டோபான் இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்பது உண்மை. ஆயினும் தரக்குறைப்பால் பரப்புரைக்குக் கிடைத்த ஆதாயம் வெளிப்படையானது. பிராங்க்பர்ட் வழித்தடமும் நாஜிகளின் சொந்தத் திட்டமன்று. 1926இல் தொடங்கப்பட்ட 'ஹாப்ராபா' என்ற சங்கம் அதற்கான வரைபடங்களை முன்னரே தயாரித்திருந்தது. ஆட்சிக்கு வருமுன் இத்தகைய சாலைகள் பணக்காரர்களுக்கான ஆடம்பரம் என்று எதிர்த்தவர்களுள் நாஜிக் கட்சியினரும் அடங்குவர். பின்னர் போரின் நடுவே பணி நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் சாலைகள் கட்டப்பட்டன. அந்த அளவும், திரைப்படம், அஞ்சல் வில்லை, சுவரொட்டி எனத் தொடர்ந்த விளம்பரமும் 20 கிலோமீட்டர் சாலையை எளிதில் மறக்கச் செய்தன.

தலைநகரச் சாலை

1949இல் மேற்கு ஜெர்மனியின் தலைநகராகப் பான் ஆனது. அதே ஆண்டில் நாட்டின் முதல் சான்சலராகப் பொறுப்பேற்றவர் அடெனாவர். தூதரக அதிகாரிகள் கொலோனுக்கும் பானுக்கும் இடையே விரைந்து சென்றதால், சாலைக்குத் 'தூதர்களின் பந்தயத்தளம்' என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

அடெனாவர் சான்சலராக இருந்த 1958இல்தான் இச்சாலை அதிகாரப்பூர்வமாக ஆட்டோபான் என அறிவிக்கப்பட்டது. திறக்கப்பட்டு அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1960களின் நடுவில் ஆறு வழிச்சாலையாக விரிவாக்கப்பட்டு, நடுத்திட்டும் பெற்றது. ஏ 555 என்ற எண் 1970களில் வந்த புதிய எண்முறையில் வழங்கப்பட்டது; அம்முறையில் மூன்று இலக்க எண்கள் குறுகிய, வட்டார அளவிலான சாலைகளுக்கு உரியவை. 1999இல் நாடாளுமன்றம் பெர்லினுக்கு இடம்பெயர்ந்த பின்னும் இதில் நெரிசல் குறையவில்லை. இரு நகரங்களுக்கும் இடையே தினமும் வேலைக்குச் சென்று வருவோரே இன்று இதன் முதன்மைப் பயனாளர்கள்.