சொல்பவருக்குக் கேட்பவர் யாரென்று தெரிய வேண்டுமா?

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்கள் பலர். அவர்களுடைய வேலை என்னவென்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், "புரோகிராம் எழுதுகிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இணையப் பக்கங்களுக்குப் புரோகிராம் எழுதும்போது நான் தினமும் கையாளும் ஒரு முறையை, அத்துறையைச் சேராதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன். இப்பாடத்தைப் படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்கும் இது உதவலாம்.

ஒரு கடையின் இணையப் பக்கத்தில் 'கூடையில் சேர்' என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள். மேல் மூலையில் கூடையின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. மொத்தத் தொகை மாறுகிறது. 'இன்னும் 2 மட்டுமே உள்ளன' என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. இந்தப் பகுதிகள் ஒவ்வொன்றும் புரோகிராமில் ஓர் 'ஆப்ஜெக்ட்'. அதாவது, தனக்குரிய விவரங்களையும் அவற்றைக் கையாளும் வழிகளையும் தன்னிடமே வைத்திருக்கும் சிறு அலகு. கூடையும் அப்படி ஒன்றுதான்.

கூடையில் மாற்றம் நேர்ந்ததை மற்றவற்றுக்கு யார் சொல்வது? கூடையே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கலாம். ஆனால் அதற்குக் கூடைக்கு எல்லாரையும் தெரிந்திருக்க வேண்டும். நாளை சலுகைக் கூப்பன் என்று புதிதாக ஒரு பகுதி வந்தால் கூடையைத் திறந்து திருத்த வேண்டும். எச்சரிக்கைப் பகுதியை எடுத்துவிட்டால், கூடை இல்லாத ஆளைக் கூப்பிட்டுத் திணறி நின்றுவிடும்.

சந்தா முறை

நம் இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் சமையல் குறிப்பைப் படிக்கிறார், யார் குறுக்கெழுத்தைப் போடுகிறார் என்று ஆசிரியர் குழுவுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர்களிடம் இருப்பது ஒரு சந்தாப் பதிவேடு. இதழ் அச்சானதும் அதிலுள்ள முகவரிகளுக்கெல்லாம் போகிறது. புதுக் குடும்பம் வந்தால் பதிவேட்டில் ஒரு வரி கூடும். இதழ் தயாரிக்கும் முறை மாறாது.

கூடையும் அப்படியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. செய்தி வேண்டுவோர் அதில் பதிந்துகொள்கிறார்கள். இவர்களுக்கு 'லிசனர்' என்று பெயர். 'பொருள் சேர்ந்தது' என்ற 'ஈவென்ட்' நிகழ்ந்ததும், என்ன பொருள், எத்தனை என்ற விவரத்தைப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் கூடை தந்துவிடுகிறது. அதை வைத்து என்ன செய்வது என்பது அவரவர் பாடு.

இது பழைய எண்ணம்தான். ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970களில் உருவான ஸ்மால்டாக் மொழியிலேயே இதன் வேர் உண்டு. 1994இல் எரிக் காமா முதலிய நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல், தான் தொகுத்த 23 முறைகளில் ஒன்றாக, 'அப்சர்வர்' என்ற பெயரில் இதை விளக்கியது. 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்டில் தொடக்கத்தில் ஒரு பொத்தானின் 'ஆன்கிளிக்' இடத்தில் ஒரு வேலையைத்தான் வைக்க முடியும். இரண்டாவதை வைத்தால் முதலாவது அழிந்துவிடும். 2000இல் டபிள்யூ த்ரீ சி அமைப்பு வெளியிட்ட தரத்தில் 'ஆட்ஈவென்ட்லிசனர்' இடம்பெற்றது. அதன்படி ஒரே பொத்தானுக்கு எத்தனை லிசனர் வேண்டுமானாலும் பதியலாம். சர்வரில் இயங்கும் நோட் ஜேஎஸ்ஸில் (2009) 'ஈவென்ட்எமிட்டர்' இதே வேலையைச் செய்கிறது.

மாற்றலாகிப் போனவர்கள்

சங்கத்துக்குச் சொல்லாமல் மாற்றலாகிப் போன குடும்பத்தின் பழைய முகவரிக்கு இதழ் போய்க்கொண்டே இருக்கும். இங்கும் அதே கதைதான். திரையிலிருந்து எடுக்கப்பட்ட பகுதியின் பதிவு கூடையின் பட்டியலில் தங்கிவிட்டால், அந்தப் பகுதி நினைவகத்தை விட்டு நீங்காது. கண்ணுக்குத் தெரியாமல் வேலையும் செய்துகொண்டிருக்கும். எனவே போகும்போது 'ரிமூவ்ஈவென்ட்லிசனர்' மூலம் பெயரை நீக்கிவிட்டுப் போக வேண்டும். நோட் ஜேஎஸ், ஒரே ஈவென்ட்டுக்கு 10 லிசனருக்கு மேல் சேர்ந்தால் தானே எச்சரிக்கும்.

இரட்டைப் பதிவு இன்னும் ஆபத்தானது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் தளத்தில், வாடிக்கையாளர் ஒருமுறை அழுத்தியதற்கு இரண்டு ஆர்டர்கள் விழுந்தன; பணமும் இருமுறை பிடிக்கப்பட்டது. தேடிப் பார்த்ததில், திரையின் ஒரு பகுதி புதிதாக வரையப்படும்போதெல்லாம் மறுபடி ஒரு லிசனர் பதியப்பட்டு வந்தது தெரிந்தது. அதே ஃபங்ஷனை அதே ஈவென்ட்டுக்கு மறுபடி பதிந்தால் பிரவுசர் அதைத் தள்ளிவிடும். அங்கே ஒவ்வொரு தடவையும் புது ஃபங்ஷன் உருவானதால், பிரவுசர் அதைப் புது ஆளாகவே எடுத்துக்கொண்டது.

அறிவிப்பா, கேள்வியா?

இதனால் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. சங்கம் ஆண்டு விழா நாளை இதழில் அறிவிக்கும். யார் வருவார்கள் என்பது அவரவர் விருப்பம். ஆனால் மண்டபம் பிடிக்க அறிவிப்புப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. செயலாளர் நேரில் போய், முன்பணம் கட்டி, ரசீது வாங்கி வருகிறார். புரோகிராமிலும் அப்படித்தான். கூடையில் பொருள் சேர்ந்ததை அறிவிக்கலாம். கேட்க யாருமே இல்லாவிட்டாலும் குறையில்லை. பணம் வந்து சேர்ந்ததா என்பதற்குப் பதில் வேண்டும். அதற்குரிய ஆப்ஜெக்டை நேரடியாக அழைத்துக் கேட்பதே முறை.

மாணவர்கள் இதைச் சோதிக்க எளிய வழி ஈவென்ட்டின் பெயர். 'பொருள் சேர்ந்தது' என்று நடந்து முடிந்ததைச் சொல்லும் பெயராக இருந்தால் அது அறிவிப்பு. 'தொகையை மாற்று' என்று பெயர் வைக்கத் தோன்றினால் அது ஏவல். யாரை ஏவுகிறோம் என்பது மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அவரையே நேராகக் கூப்பிட்டுவிடுங்கள்.